பிஆர்பி பயிற்சி: அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் காத்திருக்கணுமா, மருந்துக்கடையில சேர்ந்துடலாமா?

பிஎம்_பையன் எழுதியது:

வணக்கம் அக்கா, அண்ணா எல்லாருக்கும். பெடோங்கில நாலு வருஷம் பார்மசி படிச்சு முடிச்சிட்டேன். வீடு பினாங்கு புக்கிட் மெர்தாஜாம். தற்காலிகப் பதிவுக்கு மலேசிய பார்மசி வாரியத்துக்கு ஃபாரம் அனுப்பியாச்சு. இனி அந்த ஒரு வருஷ பிஆர்பி பயிற்சியை (தற்காலிகப் பதிவுல இருக்கிற பார்மசிஸ்ட் செய்யற பயிற்சி) எங்க செய்யறதுங்கிறதுலதான் குழப்பம்.

ஒரு பக்கம் அரசாங்க ஆஸ்பத்திரி. இடம் வர எத்தனை மாசம் ஆகும்னு யாரும் உறுதியாச் சொல்ல மாட்டேங்கறாங்க. கூடப் படிச்சவங்க சிலர் காத்திருக்கிற நேரத்துல கிராப் டாக்சி ஓட்டுறாங்க. இடம் வந்தாலும் பினாங்குல வருமா, சபா சரவாக் போகச் சொல்வாங்களான்னு தெரியாது. இன்னொரு பக்கம் பட்டர்வொர்த்துல ஒரு மருந்துக்கடை. வாரியம் அங்கீகரிச்ச பயிற்சி இடம்தான், ப்ரீசெப்டரும் (பயிற்சி கொடுக்கிற பார்மசிஸ்ட்) இருக்கார், அடுத்த மாசமே வரச் சொல்றாங்க. வீட்டிலேர்ந்து மோட்டார்லயே போயிடலாம்.

அம்மாவுக்கு அரசாங்கம்னா அரசாங்கம்தான், மத்ததெல்லாம் வேலையே இல்ல. அப்பா பிறையில ஃபேக்டரி வேலை. அவர் வாயைத் திறந்து ஒண்ணும் சொல்ல மாட்டார், ஆனா ராத்திரி சாப்பிடும்போது "என்னப்பா, ஏதும் லெட்டர் வந்துச்சா"ன்னு மட்டும் கேப்பார்.

கடையில பிஆர்பி செஞ்சவனை ஆஸ்பத்திரிக்காரங்க பின்னாடி மட்டமா பார்ப்பாங்களா? ஆஸ்பத்திரியில திட்டியே தீர்த்துடுவாங்கன்னு சீனியருங்க சொல்றது நிஜமா? அப்புறம் இதுதான் எனக்குப் பெரிய கவலை: மூணாம் வருஷ அட்டாச்மென்ட் பயிற்சியில நான் கவுன்டர் பக்கமே போகல, உள்ளேயே மாத்திரை எடுத்துக் கொடுத்து நாளை ஓட்டிட்டேன். ஹொக்கியன் சுத்தமா வராது. இப்படிப்பட்டவன் ஒரே வருஷத்துல நோயாளி முன்னாடி நின்னு தைரியமா பேசுற ஆளா மாற முடியுமா?


வெள்ளைக்கோட்டு எழுதியது:

இதுல யோசிக்க என்னடா இருக்கு, ஆஸ்பத்திரிதான். டிடிஎம் (ரத்தத்துல மருந்து அளவு பார்க்கிறது), டிபிஎன் (ரத்தக்குழாய் வழியா ஏத்துற சாப்பாடு), கேன்சர் மருந்து கலக்கிறது, இதையெல்லாம் கடையில எங்க பார்ப்பே? இந்த ஒரு வருஷம் போச்சுன்னா போச்சு. அப்புறம் ஆயுசு முழுக்கக் கடையில வைட்டமின் விக்கலாம், யாரும் தடுக்கப்போறதில்ல. திட்டு வாங்குறது நிஜம்தான். வார்டுல டாக்டர் திட்டுவார், நர்ஸ் திட்டுவாங்க, கவுன்டர்ல நம்பர் லேட்டா வந்தா அங்கிள் திட்டுவார். பழகிடும்லா.


தீவுக்காரி எழுதியது:

வெள்ளைக்கோட்டு சொன்னதுல பாதிக்கு நான் ஒத்துக்கிறேன். வைட்டமின் விக்கிற பாதிக்குக் கடைக்காரங்க யாராவது வந்து பதில் சொல்வாங்க.

தம்பி, நான் பினாங்குத் தீவுல ஒரு ஆஸ்பத்திரியில ப்ரீசெப்டரா இருக்கேன். பிஆர்பி பிள்ளைங்க வர்றதையும், சிலர் வந்த மாதிரியே திரும்பிப் போறதையும் பார்த்துக்கிட்டேதான் இருக்கேன். அதனால சொல்றேன், ஆஸ்பத்திரியா கடையாங்கிறதை ரெண்டாவதா வை. ப்ரீசெப்டர் யாருங்கிறதை முதல்ல பார். அந்தக் கடைக்கு ஒரு சனிக்கிழமை போய் ஓரமா நில்லு. அந்த மனுஷன் தன்கிட்ட இருக்கிற பிள்ளையைப் பார்த்து "ஏன் இதைக் கொடுத்தே?"ன்னு கேக்கிறாரா, இல்ல "அந்த ஷெல்ஃபை அடுக்கு"ன்னு மட்டும் சொல்றாரா? ரெண்டாவது ரகம்னா சம்பளம் எவ்வளவு கொடுத்தாலும் போகாதே. ஆஸ்பத்திரிக்கும் இதே அளவுகோல்தான், ஆனா அங்க ஆளைத் தேர்ந்தெடுக்க உன்னை விடமாட்டாங்க.

இப்ப உன் பெரிய கவலைக்கு வர்றேன். கவுன்டருக்குப் பின்னாடி மருந்துச் சீட்டைப் படிச்சு சரிபார்க்கிற ஸ்கிரீனிங், மருந்தை எடுத்து லேபல் ஒட்டுற ஃபில்லிங், இன்னொருத்தர் சரிபார்க்கிற கவுன்டர் செக், கடைசியா நோயாளி கையில விளக்கிக் கொடுக்கிறதுன்னு வேலை வரிசையா போகும். புதுசா வர்ற பிள்ளைங்க ஃபில்லிங்ல போய் ஒளிஞ்சிக்குவாங்க. நீ செஞ்சதும் அதேதான், எல்லாரும் செய்யறதுதான். அங்க யாரும் உன்னைக் கேள்வி கேக்க மாட்டாங்க, கை வேகமா இருந்தா நல்ல பேரும் கிடைக்கும். ஆனா பார்மசிஸ்ட் வேலை ஸ்கிரீனிங்லதான் இருக்கு.

ஒரு சீட்டு வருதுன்னு வை. பாட்டிக்கு வயசு 72, எடை 48 கிலோ, சுகருக்கு மெட்ஃபார்மின் 1 கிராம் ரெண்டு வேளை. கையெழுத்து இருக்கு, முத்திரை இருக்கு, புத்தகத்துல இருக்கிற டோஸ்தான். அப்படியே அனுப்பிடலாம். ஆனா நீ ரத்தப் பரிசோதனையைத் தேடிப் பார்க்கிறே, கிரியாட்டினின் 145. 140லேர்ந்து வயசைக் கழிச்சா 68. எடையால பெருக்கு, பெண்ணுங்கிறதால 1.04ஆல பெருக்கு, 145ஆல வகு. 23 வருது, சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்யுதுங்கிற அளவு அது. சிறுநீரகம் 30க்குக் கீழே போனவங்களுக்கு மெட்ஃபார்மின் கொடுக்கக் கூடாது, லாக்டிக் அமிலம் ஏறிடும். இந்தக் கணக்கு பரீட்சை எழுதின எல்லாருக்கும் தெரியும். வெளியே நம்பர் அட்டையோட கூட்டம் முறைச்சுக்கிட்டு நிக்கிறப்போ இதைப் போட்டுப் பார்க்கணும்னு தோணுதா? இந்த ஒரு வருஷம் அதுக்குத்தான்.

அப்புறம் டாக்டருக்குப் போன் போடணும். இங்கதான் பிள்ளைங்களுக்குக் கை நடுங்கும். "டாக்டர், மெட்ஃபார்மின் தப்பு"ன்னு ஆரம்பிச்சா திட்டு நிச்சயம். நீ யாரு, எந்த நோயாளி, ரத்தப் பரிசோதனை நம்பர் என்ன, அதுக்குப் பதிலா எந்த மருந்து, எந்த டோஸ், இவ்வளவையும் தாள்ல எழுதி வச்சுக்கிட்டுப் போனை எடு. பத்து நோயாளியைப் பார்த்துக்கிட்டு இருக்கிற மெடிக்கல் ஆபீசருக்கு உன் கேள்வி தேவையில்ல, உன் பதில்தான் தேவை. அப்படிப் பேசினா பெரும்பாலும் "ஓகே, சேஞ்ச் பண்ணுங்க"ன்னு முடிஞ்சிடும். கத்துறதையே பயிற்சின்னு நினைக்கிற ஆளும் உண்டு, நான் பயிற்சி எடுத்த இடத்துலயும் ஒருத்தர் இருந்தார், ஊர் பேர் வேணாம். அவர்கிட்ட நான் கத்துக்கிட்டது ஒண்ணும் இல்ல. "திட்டு வாங்கினாத்தான் உருப்படுவே"ன்னு யாராவது சொன்னா நம்பாதே.

வார்டுதான் எனக்குப் பிடிச்ச இடம், அதனால கொஞ்சம் அதிகமாப் பேசுவேன், பொறுத்துக்க. என்கிட்ட ஒரு பொண்ணு பயிற்சியில இருந்தா. ஒருத்தருக்கு ரத்தத்துல வான்கோமைசின்ங்கிற கிருமிக்கொல்லி மருந்தோட அளவு 38ன்னு லேப்லேர்ந்து வருது. அடுத்த டோஸுக்கு முன்னாடி எடுக்கிற ரத்தத்துல 20ஐத் தாண்டாம பார்த்துக்குவோம். (இப்போ ஏயூசி, அதாவது நாள் முழுக்க ரத்தத்துல இருக்கிற மொத்த மருந்து அளவுக் கணக்குக்குப் போயிக்கிட்டு இருக்காங்க, 400க்கும் 600க்கும் நடுவில. அதையும் படிச்சு வச்சுக்க.) கம்ப்யூட்டரைப் பார்த்தே "டோஸை நிறுத்துங்க"ன்னு எழுதிடலாம், யாரும் குறை சொல்ல மாட்டாங்க. அவ படியேறி வார்டுக்குப் போய், மருந்து எத்தனை மணிக்கு ஏத்தினீங்க, ரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தீங்கன்னு நர்ஸ்கிட்ட கேட்டா. பார்த்தா, மருந்து ஏறி முடிஞ்ச கையோட ரத்தம் எடுத்திருக்காங்க. அந்த 38க்கு அர்த்தமே இல்ல. டோஸை நிறுத்தியிருந்தா, ரத்தத்துல கிருமியோட படுத்திருக்கிற மனுஷனுக்கு மருந்து பத்தாமப் போயிருக்கும். மறுபடி சரியான நேரத்துல எடுக்கச் சொன்னா. அந்தக் கேஸை அவ பயிற்சி லாக் புக்ல எழுதினது ரெண்டே வரி. இன்னொரு பையன் லாக் புக்கை மூணு கலர் பேனாவுல நிரப்பி வச்சிருப்பான், ஒரு கேஸைத் தொட்டுக் கேட்டா முழிப்பான். லாக் புக்ல கையெழுத்துச் சேர்க்கவே ஓடுற பிள்ளைங்களைப் பார்த்தா எனக்கு ஆத்திரமா வரும்.

கேன்சர் மருந்து அறை, டிபிஎன் அறை எல்லாம் கிடைச்சா போ. டிபிஎன்ல பாஸ்பேட்டை முன்னாடியும் கால்சியத்தைக் கடைசியிலயும் போடுறது ஏன், கேன்சர் மருந்து வின்கிறிஸ்டினை சிரிஞ்சுல தராம சின்னப் பையில கலந்து தர்றது ஏன்னு தெரிஞ்சுக்கிட்டு வா. முதலாவதுல வரிசை தப்பினா சுண்ணாம்பு மாதிரி படிஞ்சு ரத்தக்குழாயை அடைக்கும். ரெண்டாவதுல, முதுகுத்தண்டுல போடுற மருந்தோட மாறிப் போனா ஆள் பிழைக்கறதே அபூர்வம். ஸ்டோர் சலிப்புதான். முதல்ல காலாவதி ஆகுறது முதல்ல வெளியே, குளிர்பெட்டி 2லேர்ந்து 8 டிகிரி, அவ்வளவுதான்.

பேசுறதுக்கு வர்றேன். தம்பி, பேச்சு வராதவங்களைப் பத்தி எனக்குப் பயமில்ல, வாய் ஓயாமப் பேசுறவங்களைப் பத்தித்தான் பயம். பாலிக் புலாவ் பக்கத்துலேர்ந்து ஒரு பாட்டி வருவாங்க, இனிப்பு நீர், மிக்ஸ்டார்ட் இன்சுலின். "சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி ஊசி"ன்னு பயிற்சிப் பையன் அழகாச் சொன்னான், பாட்டியும் "சரிப்பா, பசியாற முன்னாடி போடுறேன்"ன்னாங்க, அவன் டிக் போட்டுட்டான். "பாட்டி, பசியாற என்ன சாப்பிடுவீங்க?"ன்னு நான் கேட்டேன். "தே ஓ (பாலில்லாத டீ), ரெண்டு பிஸ்கட்டு. சோறு பதினோரு மணிக்குமேலதான்." காலையில சுகர் இறங்கி ஏன் தலை சுத்துதுன்னு அப்பத்தான் விளங்குச்சு. எத்தனை, எத்தனை தடவை, எதுக்கு, எப்போ, இந்த நாலையும் நோயாளி வாயாலயே சொல்ல வைக்கணும். டிஎஃப்ஐடின்னு அதுக்கு மார்க்கே போடுறோம். "விளங்குச்சா?"ன்னு கேக்காதே. எல்லாரும் விளங்குச்சுன்னுதான் சொல்வாங்க.

நோன்பு மாசத்துல கவுன்டர்ல நின்னா இது இன்னும் நல்லாத் தெரியும். காலை மாத்திரையை விடியறதுக்கு முன்னாடி சாப்பிடுற சாஹுருக்குத் தள்ளணுமா, நோன்பு திறக்கிற நேரத்துக்குத் தள்ளணுமாங்கிறது மாத்திரைக்கு மாத்திரை மாறும். சுகரை இறக்குற கிளிக்லாசைடுல இதைத் தப்பாச் சொன்னா மத்தியானம் ரோட்டுல மயங்கி விழுவாங்க. ஹொக்கியனைப் பத்திக் கவலைப்படாதே. "சியாக் பா"ன்னு ஆரம்பிச்சாலே அந்தப் பாட்டிங்க சிரிச்சிடுவாங்க, மீதிக்குப் பக்கத்துக் கவுன்டர் ஆளைக் கூப்பிடு. உன் தமிழ் இருக்கே, அதுக்கு வார்டுல எவ்வளவு மதிப்புன்னு போய்ப் பார்.

கடைசியா, வேலை விஷயம். 2016 கடைசியிலேர்ந்து புதுசா வர்ற டாக்டர், பல் டாக்டர், பார்மசிஸ்ட்டுங்களை ஒப்பந்தத்துல எடுக்க ஆரம்பிச்சாங்க. "கவர்மெண்ட்ல சேர்ந்தா பென்ஷன்"ங்கிறது உங்க மாமா காலத்துக் கதைன்னு அம்மாகிட்ட மெதுவாச் சொல்லு. முழுப் பதிவுக்கு அப்புறம் இருக்கிற கட்டாய சேவை விதி அடிக்கடி மாறுது. அதை சீனியர் வாயாலயும் இங்கயும் கேக்காம வாரியத்துக்கு நேரா ஈமெயில் போட்டு எழுத்துல பதில் வாங்கு.


செந்தூல்_கவுன்டர் எழுதியது:

கடைக்காரன் வந்துட்டேன் அக்கா.

வைட்டமின் விக்கிறோம், மறுக்கல. இந்த நாட்டுல கிளினிக்கே மருந்தையும் கொடுத்து அனுப்புது. அதனால கடைக்கு மருந்துச் சீட்டு வர்றது குறைவு, வாடகையை வைட்டமின்தான் கட்டுது. தம்பி இதைத் தெரிஞ்சுக்கிட்டே வரணும். சீட்டைப் படிச்சுப் பழகணும்னா கடையில ரொம்ப நாள் ஆகும், அதுல ஆஸ்பத்திரி பக்கம்தான் நியாயம்.

ஆனா ஆஸ்பத்திரியில வர்ற ஆளை ஏற்கனவே ஒரு டாக்டர் பார்த்தாச்சு. கோலாலம்பூர் செந்தூல்ல என் கடைக்கு வர்றவரை யாரும் பார்க்கல. "தம்பி, முட்டி வலிக்கு ஏதாவது குடு"ன்னு வருவார். அவர் என்ன நோய், வேற என்ன சாப்பிடுறார், இது கடையில தீருமா, இல்ல உடனே கிளினிக்குக்கு அனுப்பணுமான்னு நின்ன இடத்துல முடிவு எடுக்கணும். கையில ஃபைலும் கிடையாது, ரத்தப் பரிசோதனையும் கிடையாது.

இந்த முட்டி வலியையே எடுத்துக்குவோம். ஒரு அம்மா, முகம் உருண்டையா வீங்கி, கை தோல் காகிதமா மெலிஞ்சு, சுகர் திடீர்னு ஏறியிருக்கு. என்ன சாப்பிடுறீங்கன்னு கேட்டா ஒண்ணும் இல்லம்பாங்க. "மருந்து" இல்லாம வேற ஏதாவது, உருண்டை, பவுடர், கஷாயம்னு கேட்டாத்தான் பையிலேர்ந்து மாஜுன்ங்கிற நாட்டு மருந்து டப்பா ஒண்ணு வெளியே வரும். "இது மூலிகைதானே, நல்லாக் கேக்குது, ஒரே நாள்ல வலி போச்சு." ஒரே நாள்ல வலி போற மூலிகைன்னா எனக்கு உடனே அதுல ரகசியமாக் கலக்கிற டெக்ஸாமெதசோன்ங்கிற ஸ்டீராய்டு ஞாபகம்தான் வரும். டப்பாவைத் திருப்பி எம்ஏஎல்னு ஆரம்பிக்கிற பதிவு நம்பரும் ஹோலோகிராமும் இருக்கான்னு பார்ப்பேன். பதிவான பாரம்பரிய மருந்துன்னா நம்பர் கடைசியில டி எழுத்து இருக்கும். அது இல்லாத சரக்கு ஏராளம்.

இப்ப பயிற்சிப் பிள்ளை என்ன சொல்லணும்? "உடனே நிறுத்துங்க"ன்னு சொல்லத் தோணும். சொல்லக் கூடாது. மாசக்கணக்கா ஸ்டீராய்டு உள்ளே போன உடம்பு தானாச் சுரக்கிறதை விட்டிருக்கும், பட்டுன்னு நிறுத்தினா ஆள் சரிஞ்சிடுவார். டப்பாவோட டாக்டர்கிட்ட அனுப்பணும், போகாம இருக்க விடக் கூடாது. இதை என் பிஆர்பிகிட்ட நான் முதல் மாசமே கேப்பேன்.

இன்னொண்ணு. ராத்திரி கடை மூடுற நேரத்துக்கு ஒரு அப்பா ஓடி வருவார், பிள்ளைக்குக் காய்ச்சல். 12 கிலோ பிள்ளை, கிலோவுக்கு 15 மில்லிகிராம்னு வச்சா 180 மில்லிகிராம் பாரசிட்டமால். 5 மில்லியில 120 இருக்கிற சிரப்னா ஏழரை மில்லி. 5 மில்லியில 250 இருக்கிற சிரப்னா 3.6 மில்லி. ரெண்டு பாட்டிலும் ஒரே ஷெல்ஃப்ல நிக்கும், ரெண்டுலயும் ஸ்ட்ராபெரி படம். "போன தடவை ஏழரை கொடுத்தோம்"ன்னு அப்பா சொல்வார். போன தடவை எந்த பாட்டில்னு கேக்காம விட்டா பிள்ளைக்கு ரெண்டு மடங்கு போகும். அதோட, பிள்ளை சோர்ந்து கிடக்கா, கழுத்து விறைக்குதா, சிறுநீர் போச்சா, டெங்கி பரவுற இடமான்னு கேக்கணும். டெங்கி சந்தேகம் இருந்தா ஐபுபுரூஃபன் பக்கம் கையே போகக் கூடாது.

தீவுக்காரி அக்கா சொன்ன மாதிரி அந்தக் கடையைப் போய்ப் பார்த்துட்டு வா. ஒரே ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேளு: பிஆர்பிக்கு சேல்ஸ் டார்கெட் உண்டா? உண்டுன்னு சொன்னா "தேங்க்யூ பாஸ்"னு சொல்லிட்டு மோட்டாரை எடு. டார்கெட் இருக்கிற பிள்ளை "இது உங்களுக்கு வேணாம், வீட்டுக்குப் போய்த் தண்ணி குடிச்சுத் தூங்குங்க"ன்னு சொல்லவே கத்துக்காது. நானும் ஒரு நாளைக்குப் பல தடவை அதைச் சொல்றேன், முதலாளி காதுல விழாத மாதிரி.


பிஎம்_பையன் எழுதியது:

அக்கா, அண்ணா, ரொம்ப நன்றி. ரெண்டு தடவை படிச்சிட்டேன். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன் அக்கா, 23தான் வருது.

சட்டப் பரீட்சையைப் பத்தி யாரும் சொல்லலையே? பயிற்சி காலத்துலயே எழுதணும்கிறாங்க. எப்ப ஆரம்பிக்கணும்? சட்டப் புத்தகத்தைத் திறந்தாலே தூக்கம் வருது.


தீவுக்காரி எழுதியது:

தூக்கம் வரத்தான் செய்யும். ஆனா அதுல தேறாம முழுப் பதிவு கிடையாது. முதல் ஆறு மாசம் "அப்புறம் பார்த்துக்கலாம்"ன்னு இருந்துட்டுக் கடைசியில வார்டு வேலையோட சேர்த்துப் படிச்சுச் சாகாதே.

அடிப்படை அஞ்சு சட்டம். 1951ஆம் வருஷத்து மருந்தாளர் பதிவுச் சட்டம், 1952ல வந்த நச்சுப்பொருள் சட்டம், மருந்து விற்பனைச் சட்டம், அபாயகர போதைப்பொருள் சட்டம், அப்புறம் 1956ஆம் வருஷத்து மருந்து விளம்பரச் சட்டம். இதுக்குக் கீழ விதிமுறைகள் தனி. மனப்பாடம் பண்ணப் பார்க்காதே, ஒட்டாது. கண்ணு முன்னாடி இருக்கிற பொருளோட சேர்த்துப் படி. டிடி, அதாவது அபாயகர போதைப்பொருள் அலமாரியில மார்ஃபின் எண்ணும்போது அந்தச் சட்டத்தை எடு. பி வகை நச்சுப்பொருள் (சட்டத்துல பல மருந்துக்கும் அந்தப் பேர்தான்) சீட்டு இல்லாம ஏன் வெளியே போகக் கூடாது, சி வகையைப் பார்மசிஸ்ட் தானே கொடுக்கலாம்னாலும் ஏன் பதிவேட்டுல எழுதணும்னு கவுன்டர்ல நிக்கும்போது படி. இந்த ஒண்ணுல கடையில இருக்கிற பிள்ளைங்க எங்க பிள்ளைங்களைவிடக் கெட்டி, ஏன்னா நச்சுப்பொருள் விக்கிறதுக்குப் பார்மசிஸ்ட் பேர்ல இருக்கிற ஏ வகை லைசென்ஸ் சுவத்துல தொங்குது, தப்பு நடந்தா யார் பேரு போகும்னு கண்ணு முன்னாடி தெரியும். உன் ப்ரீசெப்டர் பக்கத்துல நின்னு மேற்பார்வை பார்க்காம நீ தனியா நச்சுப்பொருள் விக்கக் கூடாதுங்கிறதையும் முதல் நாளே ஞாபகம் வச்சுக்க. "நீ பார்த்துக்க, நான் பேங்க் போயிட்டு வர்றேன்"ன்னு சொல்ற ஆள்னா அங்க இருக்காதே.

விளம்பரச் சட்டம் சுலபம். உன் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பைத் திற. "இனிப்பு நீரை வேரோடு அறுக்கும்", "கிட்னி மாற்ற வேண்டாம்" இப்படித் தினமும் ஒண்ணு வரும். குணப்படுத்துறதா விளம்பரமே பண்ணக் கூடாதுன்னு அந்தச் சட்டத்துல 20 நோய் இருக்கு. எந்த விளம்பரம் எந்த நோய்ல மாட்டும்னு பார்த்துக்கிட்டே வா, பட்டியல் தானா மனசுல ஏறிடும். உங்க அத்தைகிட்டச் சண்டைக்கு மட்டும் போகாதே.


ஆயர்_ஈத்தாம்_வாத்தியார் எழுதியது:

நான் மருந்தாளர் அல்ல. ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர், இதயத்தில் செயற்கை வால்வு வைத்தவன். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறேன். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் எனக்கு 2.5க்கும் 3.5க்கும் நடுவில் நிற்க வேண்டும். மருந்தாளர்கள் நடத்தும் வார்ஃபரின் கிளினிக்குக்குப் போவதால் பயிற்சிப் பிள்ளைகள் பலரைப் பார்க்கிறேன். கவுன்டருக்கு இந்தப் பக்கம் இருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாமா?

"கீரை சாப்பிடவே கூடாது அங்கிள்" என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. வீட்டில் முருங்கை மரம் நிற்கிறது, மனைவி வாரம் இரண்டு முறை கீரை வைப்பார். கூடாது என்றால் நான் தலையாட்டிவிட்டு வந்து சாப்பிடுவேன், மனிதன்தானே. ஒரு பெண் மட்டும் "எத்தனை நாளுக்கு ஒரு தடவை, எவ்வளவு?" என்று கேட்டாள். "நிறுத்த வேண்டாம் அங்கிள். எல்லா வாரமும் இதே அளவு சாப்பிடுங்கள், அதற்கேற்ப மருந்தை வைத்துக்கொள்வோம். புரட்டாசியில் சைவமாகி கீரை கூடினால் முன்கூட்டியே சொல்லுங்கள்" என்றாள். அப்புறம் என் மருந்துப் பையை மேசையில் கொட்டச் சொன்னாள். ஊரிலிருந்து மைத்துனர் அனுப்பிய லேகியம் அதில் இருந்தது. அதைப் பற்றி அதுவரை யாரும் கேட்டதும் இல்லை, நானும் சொன்னதில்லை.

அந்தப் பெண்ணுக்குப் பேச்சு சரளம் இல்லை, தம்பி. கொஞ்சம் திக்கவும் செய்தாள்.


வெள்ளைக்கோட்டு எழுதியது:

சார், நீங்க எங்க கிளினிக் ஆளா இருப்பீங்களோன்னு பயமா இருக்கு.

செந்தூல் அண்ணா, வைட்டமின் டயலாக்கை வாபஸ் வாங்கிக்கிறேன். மாஜுன் கேஸ் வார்டுக்கு வரும்போது நாங்க பார்க்கிறது கடைசிக் காட்சி மட்டும்தான், அது உண்மை.


பிஎம்_பையன் எழுதியது:

சனிக்கிழமை பட்டர்வொர்த் கடைக்குப் போய் மத்தியானம் வரைக்கும் நின்னேன். ப்ரீசெப்டருக்கு அம்பது வயசு இருக்கும், அதிகம் பேசாத சீனர். நான் நிக்கும்போது ஒருத்தர் கோடீன் இருக்கிற இருமல் சிரப் கேட்டார், சீட்டு இல்ல. சீட்டு வேணும்னு அமைதியாச் சொல்லி அனுப்பிட்டு என் பக்கம் திரும்பி, "வை யூ திங்க் ஹி டிட் நாட் காஃப் ஈவன் ஒன்ஸ்?"னு கேட்டார். நான் முழிச்சேன். சேல்ஸ் டார்கெட்டைப் பத்திக் கேட்டதுக்கு "யூ சேல், ஐ கெட் ஹெட்டேக்"னு சிரிச்சார். டார்கெட் இல்லையாம்.

வாரியத்துக்குப் போட்ட ஈமெயிலுக்கும் பதில் வந்துடுச்சு, எனக்குப் பொருந்துற விதியை எழுத்துல வாங்கி வச்சிருக்கேன் அக்கா. கடையிலயே சேர்றேன். அம்மா இன்னும் சரியாப் பேசல, அப்பா மோட்டாருக்கு டயர் மாத்திக் கொடுத்துட்டார். வார்டு பார்க்காத குறை எனக்கு இருக்கத்தான் போகுது, அதை எப்படிச் சரிக்கட்டுறது? முதல் நாள் என்ன எடுத்துக்கிட்டுப் போகணும்?


தீவுக்காரி எழுதியது:

ஒரு தடவைகூட இருமலையேங்கிறதைக் கவனிச்ச ஆளா? போ, கண்ணை மூடிக்கிட்டுப் போ.

குறை இருக்கும், பொய் சொல்ல மாட்டேன். வாரம் ஒரு கேஸ் எனக்கு இன்பாக்ஸ்ல அனுப்பு, நோயாளி பேர் வேணாம். நீ என்ன கேட்டே, அவங்க என்ன சொன்னாங்க, நீ என்ன முடிவு எடுத்தேன்னு எழுது. நான் வார்டுலேர்ந்து ஒரு கேஸ் திருப்பி அனுப்பறேன், லேப் நம்பரோட, நீ கணக்குப் போட்டு அனுப்பு. வெள்ளைக்கோட்டும் சேர்ந்துக்கட்டும், அவனுக்கும் வேலை இருக்கட்டும்.

முதல் நாளைக்குப் பாக்கெட்ல அடங்குற சின்ன நோட்டு, நாள் முழுக்க நிக்கத் தாங்குற சப்பாத்து. இன்னிக்கு ராத்திரி உங்க அம்மாவோட மாத்திரைப் பையை எடுத்து ஒவ்வொண்ணும் எதுக்குன்னு அவங்களையே சொல்லச் சொல்லு. கோபமா இருந்தாலும் அதுக்குப் பேசுவாங்க.


செந்தூல்_கவுன்டர் எழுதியது:

கால்குலேட்டர் தனியா ஒண்ணு வாங்கிக்க தம்பி, பத்து வெள்ளிக்குள்ள கிடைக்கும். போன்ல கணக்குப் போட்டா, கவுன்டருக்கு எதிர்ல நிக்கிறவங்க நீ வாட்ஸ்அப் பார்க்கிறேன்னுதான் நினைப்பாங்க.